தலைக்கு எவ்வளவு

இப்போதே சொல்லிவிடலாம், கேட் திறப்பதற்குள் சொல்லிவிடலாம், திறந்துவிட்டால் பல்கலைக்கழகம் பக்கம், அங்கே வாசலிலேயே என் நெறியாளர் உலகநாதன் சார் நின்றுகொண்டிருப்பார், அப்புறம் சொல்லவே முடியாது. தொண்டை வரைக்கும் வருகிறது. வந்த இடத்தில் நிற்கிறது, எங்கள் காரைப் போல. முன்னால் செங்கல் லாரி, அதற்கு முன்னால் ரயில்வே கேட்டின் சிவப்பு வெள்ளைக் குழாய், பின்னால் பஸ், வேன், ஆட்டோ, அதற்கும் பின்னால் என்னவென்று தெரியவில்லை, ஹாரன் மட்டும் கேட்கிறது. இடதுபக்கம் ஓடை. வலதுபக்கம் எதிரில் வருகிறவர்களுக்கு விடவேண்டிய பாதையையும் மோட்டார் சைக்கிள்காரர்கள் அடைத்துக்கொண்டார்கள். திரும்பிப் போக வழியில்லை என்பதை நான் இரண்டு மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், எதற்கு என்று தெரியாமலே. எங்கே திரும்பிப் போவேன்? இன்றைக்கு என்னுடைய வைவா. என் ஆய்வேட்டை மதிப்பிட்டு, இன்று சபையில் என்னைக் கேள்வி கேட்டு, டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போடவேண்டிய பேராசிரியர் ஞானதுரை சார் பின்சீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். அவரை ஸ்டேஷனில் போய் அழைத்துவந்து, விடுதி அறையில் குளிக்கவைத்து, டிபன் வாங்கிக் கொடுத்து, இப்போது காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். இதெல்லாம் மாணவர் செய்யவேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எல்லோரும் செய்கிறார்கள். காலையில் அவர் இட்லியைப் பிட்டபோது, "சட்னி காரமா இருக்கா சார்?" என்று கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றார். என் ஆராய்ச்சியைப் பற்றி அவர் சொல்லப்போவதும் அந்தப் பரவாயில்லையாகத்தான் இருக்கும், அப்படியே இருந்துவிட்டால் என்ன, ஏன் நான் வாயைத் திறக்கவேண்டும், யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. அதுதான் இடிக்கிறது. இரண்டு தேர்வாளர்கள் படித்தார்கள், நெறியாளர் படித்தார், நான் எத்தனை முறை படித்தேன், யாரும் கேட்கவில்லை.

பூமி அண்ணன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுகிறார். எங்கள் துறை எப்போதும் வாடகைக்கு எடுக்கும் கார் இவருடையது, வெளித்தேர்வாளர்கள் பலபேரை இவர் ஏற்றி இறக்கியிருக்கிறார், யார் கோபக்காரர் யார் தூங்கிவிடுவார் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. கேட் போட்டதும் இன்ஜினை அணைக்கப் போனார். நான்தான் தடுத்தேன். "அண்ணே, ஏசி ஓடட்டும்ணே. சார் சொல்லியிருக்காங்க." "எந்த சாரு? பின்னாடி இருக்க சாரா, போன்ல இருக்க சாரா?" "போன்ல இருக்க சார்ணே." "அவரு வந்து டீசல் ஊத்துவாராக்கும்," என்று முணுமுணுத்துவிட்டுச் சாவியிலிருந்து கையை எடுத்தார். ஞானதுரை சாருக்குப் பிரஷர் உண்டு, வியர்க்கக்கூடாது என்று உலகநாதன் சார் உத்தரவு. அதனால் கார் நின்ற இடத்தில் நின்றபடி புகைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு ஏசி ஆகாது, கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பூமி அண்ணன் தன் பக்கத்துக் காற்றுத் துளையை மூடியே வைத்திருக்கிறார், சைனஸாம். ஆக, குளிர் முழுக்க ஒருவருக்கு. ஆனால் கணக்குப் போட்டால்? இந்தக் காரிலிருந்து போகிற புகையை உள்ளே இருக்கும் தலைகளால் வகுத்தால் நாங்கள் மூன்று பேரும் சமமாகப் புகைத்தவர்கள். எனக்கும் மூன்றில் ஒன்று, அண்ணனுக்கும் மூன்றில் ஒன்று. வெளியே வெயிலில் நிற்கிற இன்னும் இரண்டு பேரை உள்ளே ஏற்றிக்கொண்டால் ஞானதுரை சாரின் பங்கு குறைந்துவிடும், ஏசி ஒரு புள்ளிகூட இறங்காமலே குறைந்துவிடும். சே, மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது. ஒரு வாரமாக எதைப் பார்த்தாலும் வகுக்கத் தோன்றுகிறது. ஹாஸ்டலில் சாம்பாரைப் பார்த்தால் வகுக்கத் தோன்றுகிறது. பஸ்ஸில் ஏறினால் நிற்கிறவர்களை எண்ணுகிறேன்.

ஆய்வேட்டின் தலைப்பை யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: எண்ணெய் எடுக்கும் நாடுகளில் ஒரு ஆளுக்கு எவ்வளவு கார்பன் வெளியாகிறது, அந்த அளவு நாட்டுக்கு நாடு மலையும் மடுவுமாக இருக்கிறதே, வருஷம் போகப்போக அவை ஒன்றையொன்று நெருங்குகின்றனவா இல்லையா. ஒருபக்கம் வளைகுடா நாடுகள், உலகத்திலேயே தலைக்கு அதிகம். இன்னொருபக்கம் நைஜீரியா, அங்கோலா, எண்ணெய் மண்ணுக்கடியில், வெளிச்சம் வேறெங்கோ. நெருங்குகின்றன என்று நான் கண்டுபிடித்தேன். மேலே இருந்த கோடுகள் இறங்கின, கீழே இருந்தவை மெல்ல ஏறின, இடைவெளி சுருங்கியது, எல்லாச் சோதனையும் தேறியது. முடிவு வந்த அன்று உலகநாதன் சார் துறை முழுவதற்கும் டீ வரவழைத்தார். "காளீஸ்வரி, இது சாதாரண ரிசல்ட் இல்ல. உலகம் சமமாகுதுன்னு சொல்ற ரிசல்ட்." எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு முதல் பட்டதாரி, உலகம் சமமாகிறது என்று கண்டுபிடித்தால் பொருத்தமாகத்தானே இருக்கும்? போன வாரம் இந்த வைவாவுக்குப் படங்கள் தயாரிக்கும்போது, ஒரே கோடாகப் போட்டால் வெறிச்சென்று இருக்கிறதே, மேலே ஒரு கோடு கீழே ஒரு கோடு என்று வண்ணத்தில் போடலாம் என்று தோன்றியது. அழகுக்காக. அவ்வளவுதான். கத்தாரின் மொத்தப் புகையைச் சிவப்பில் போட்டேன், ஆள்தொகையை நீலத்தில் போட்டேன். சிவப்பு இறங்கவே இல்லை. ஏறிக்கொண்டே போனது. நீலம் அதைவிட வேகமாக ஏறியது. வகுத்தபோது தலைக்கு இறங்குவதுபோல் தெரிந்தது அதனால்தான். ஒரு ஊரில் பிள்ளை பெற்று ஆள்தொகை அப்படி ஏறாது. விமானத்தில் வந்து இறங்கினால்தான் ஏறும். என் முடிவு முழுவதும் அந்த ஒரு நாட்டின் மேல் நிற்கவில்லை, ஆனால் பக்கத்து நாடுகளையும் அப்படிப் போட்டுப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

செங்கல் லாரியின் டிரைவர் இறங்கிப் போய் ஓடைப்பக்கம் நிற்கிறார். பூமி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அண்ணன், எங்கள் சொந்த அண்ணன், இருளப்பன், கத்தாருக்குப் போன நாள் எனக்கு நினைவிருக்கிறது, நான் பன்னிரண்டாம் வகுப்பு, அம்மா கரிமூட்டத்திலிருந்து நேராக வந்து அந்தக் கறுத்த கையோடே அவன் தலையைத் தடவினாள், வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டது, அதே சட்டையோடு ஏறினான். அன்றைக்கு அந்த நாட்டின் தலைக் கணக்கில் ஒன்று கூடியது. அந்த நாட்டின் சராசரியில் ஒரு துளி குறைந்தது. அவன் சாரம் கட்டும் வேலை செய்கிறான், கட்டடத்துக்கு வெளியே, வெயிலில். உள்ளே குளிர வைக்கும் கட்டடத்துக்கு வெளியே. ஒரு அறையில் பத்துப் பேர், மேல்தட்டும் கீழ்த்தட்டுமாகக் கட்டில், பத்துப் பேருக்கும் ஒரு ஏசி, வேலைக்குப் போகக் கம்பெனி பஸ். அவன் பெயரில் நான் எவ்வளவு புகையை எழுதினேன்? அந்த நாட்டுக்காரர் ஒருவர் மூன்று காரும் நீச்சல்குளமும் வைத்திருந்தால் அவருக்கு எவ்வளவோ அவ்வளவு. வகுத்தால் அப்படித்தான் வரும். அவனைப் போலப் பல லட்சம் பேரை வரவழைத்துக்கொண்டால் எந்த நாடும் தலைக்குக் கொஞ்சம் சுத்தமாகிவிடும், ஒரு விளக்கைக்கூட அணைக்க வேண்டாம். அதற்கு நான் வைத்த பெயர் சமமாவது. சரி, அவர்களைக் கழித்துவிட்டு அந்த நாட்டுக்காரர்களால் மட்டும் வகுத்தால் என்ன என்று அதையும் செய்தேன். இடைவெளி சுருங்கவில்லை, விரிந்தது. ஆனால் அதுவும் சரியில்லை, அண்ணனும் ஏதோ கொஞ்சம் எரிக்கிறான்தானே, பத்தில் ஒரு பங்கு ஏசி, பஸ்ஸில் ஒரு சீட், அவனை இல்லாமல் ஆக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? அப்படியென்றால் உண்மையான விடை என்ன? தெரியாது. நெருங்குகிறதா தெரியாது, விலகுகிறதா தெரியாது. நெருங்குகிறது என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். தெரியாது என்று சொல்வதற்கு டாக்டர் பட்டம் கொடுப்பார்களா?

இதில் இன்னொரு கூத்து. ரேஷன் கார்டில் அண்ணன் பெயரை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. அவன் தலைக்கும் சேர்த்துத்தான் அரிசி வருகிறது. எடுத்துவிடும்மா என்று நான் சொன்னபோது அம்மா, "அவன் எங்கயும் போயிறல, வேலைக்குத்தான போயிருக்கான்," என்றாள். அரிசிக்கு இங்கே ஒரு தலை, புகைக்கு அங்கே ஒரு தலை. இரண்டு இடத்திலும் எண்ணப்பட்டு இரண்டு இடத்திலும் இல்லாதவன். அம்மாவை எங்கே எண்ணுவது? சீமைக்கருவேலங்கட்டையை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் பூசி, தீ வைத்து, புகை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறுகிறதா என்று காத்திருந்து, இத்தனை வருஷமாக அவள் மூச்சில் போனதை எந்தத் தொகுப்பில் தேடுவேன்? நான் தேடவில்லை. என் ஆய்வுக்கு அது தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது தரவுத்தளத்திலிருந்து இறக்கிய இரண்டு வரிசைகள், வகுத்தலில் மேலே ஒன்று கீழே ஒன்று. கீழே இருப்பது யார் என்று கேட்க எனக்குத் தோன்றியே இருக்கவேண்டும், வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் அவனோடு பேசிவிட்டு வந்துதானே கணினியைத் திறந்தேன்? ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் ஆள்தொகை. இரண்டும் ஒன்று என்று தெரிய இத்தனை வருஷம். அம்மா இப்போது கருத்தரங்கக் கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். புதுச்சேலை. கையை மடியில் மறைத்து வைத்திருப்பாள், எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கரி போகாது.

போன் அடிக்கிறது. உலகநாதன் சார். என் போனில் சத்தம் குறைக்கும் பொத்தான் வேலை செய்யாது, அவர் பேசுவது காருக்கே கேட்கும். "காளீஸ்வரி, எங்கம்மா இருக்கீங்க?" "கேட்ல சார்." "அட ஆண்டவனே. சார் எப்படி இருக்காங்க? ஏசி ஓடுதா?" "ஓடுது சார்." "சரி, கேள்வியெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டியா?" பின்சீட்டில் செய்தித்தாள் சரசரக்கிறது. கேள்வி என்று அவர் சொல்வது வைவாவில் பார்வையாளர்கள் கேட்பது. யாரும் கேட்காவிட்டால் துறைக்கு மரியாதை இல்லை, கண்டபடி கேட்டாலும் மரியாதை இல்லை, அதனால் மாணவரே நல்ல கேள்விகளாக எழுதி ஜூனியர்களிடம் கொடுத்துவைப்பது. "குடுத்துட்டேன் சார்," என்கிறேன், மெதுவாக. "நல்லது. போன தடவை மாதிரி எவனாவது புதுசா எந்திரிச்சு எதையாவது கேட்டுத் தொலைக்கப் போறான். நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள இது முடியணும், உனக்குத் தெரியும்ல? காலேஜ்ல உனக்காக வச்சிருக்க போஸ்டை எத்தனை நாள் வச்சிருப்பாங்க? சட்டுபுட்டுனு வாங்க." வைத்துவிட்டார். பூமி அண்ணன் என்னைப் பார்க்காமல் சிரிக்கிறார். பின்னால் சாரும் சிரித்தாரா? கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரிகிறது. உலகநாதன் சார் ஓய்வு பெற்றுவிட்டால் எனக்குப் புது நெறியாளர் தேடவேண்டும், ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பினால் எத்தனை மாதமோ, கல்லூரிக்காரர்கள் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள், அம்மா அந்தப் புதுச்சேலையை மடித்து வைத்துவிட்டு மூட்டத்துக்குப் போவாள். அதெல்லாம் நிஜம். கத்தாரின் நீலக்கோடு ஒரு கோடுதானே? கோடு யாரையும் பட்டினி போடாது. இப்படியே போய்விடலாம். நூறு ஆய்வேடுகள் அலமாரியில் தூங்குகின்றன, நூற்றொன்றாவதும் தூங்கட்டும். ஆனால் அதை யாராவது எடுத்துப் படித்து, பாருங்கள் எல்லாம் தானாகச் சமமாகிக்கொண்டுதான் இருக்கிறது, யாரும் எதையும் அணைக்க வேண்டாம் என்று மேற்கோள் காட்டினால்? யார் எடுத்துப் படிக்கப்போகிறார்கள்? யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பி எழுதுவதற்கா அண்ணன் சாரத்தில் ஏறினான்? அண்ணனை இழுக்காதே. எப்போது பார்த்தாலும் அண்ணனை இழுத்துவிடுகிறாய்.

ரயில் வருகிறது. கார் லேசாக அதிர்கிறது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் போகின்றன, போய்த் தீர்ந்தும் கேட் தூக்கவில்லை. "இன்னொரு வண்டி கிராசிங்காம்," என்கிறார் பூமி அண்ணன், யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் குழாய்க்கடியில் வண்டியைச் சாய்த்து நுழைக்கிறார். "போடா, போ. போய் ரயிலுக்கு முன்னாடி நின்னு செல்பி எடு," என்று பூமி அண்ணன் கண்ணாடிக்குள்ளிருந்தே திட்டுகிறார். அதற்குள் மறுபடியும் போன், இந்தமுறை திரையில் முகம், எங்கள் அண்ணன். மழமழவென்று சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பண்டிகைபோல இருக்கிறான். அங்கே இன்று விடுமுறை. "பாப்பா! ஆரம்பிச்சிட்டாகளா?" "இல்லண்ணே. கேட்ல நிக்கிறோம்." "இங்க எல்லாரும் ரெடியா உக்காந்திருக்கோம். இவன் ஒடிசாக்காரன், இவரு நேபாளம், இது நம்ம கமுதிப் பய. டேய் வணக்கம் சொல்லுங்கடா." கட்டிலின் மேல்தட்டிலிருந்து கால்கள் தொங்குகின்றன, கைகள் ஆடுகின்றன, யாரோ இந்தியில் என்னவோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். "யாரும்மா?" என்கிறார் ஞானதுரை சார். "எங்க அண்ணன் சார். வைவா பார்க்கணும்னு…" "குடு, நானும் பேசுறேன்." கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் எப்படி இருப்பது? "சார், வணக்கம் சார்! எங்க பாப்பா நல்லா எழுதியிருக்காளா சார்?" "நல்லா எழுதியிருக்கு தம்பி." "எங்க நாட்டப் பத்தியெல்லாம் எழுதியிருக்காளாம்ல சார்?" "எங்க நாடுன்னா எது?" "இதான் சார், நாங்க இருக்கமே." சார் சிரித்தார். "ரூம்ல எத்தனை பேரு?" "பத்து சார்." "நீங்களும் இந்தப் புத்தகத்துல இருக்கீங்க தம்பி, தெரியுமா?" "நானா? என் பேரு போட்டிருக்காளா சார்?" "பேரு இல்ல. எண்ணிக்கைல இருக்கீங்க. பத்துப் பேரும் இருக்கீங்க." "அது போதும் சார்! டேய், நம்மளயும் எழுதியிருக்காளாம்டா." சத்தம், சிரிப்பு, படம் உறைந்து, போய்விட்டது. சார் போனை முன்னால் நீட்டுகிறார். வாங்கி மடியில் கவிழ்த்து வைக்கிறேன். எண்ணிக்கைல இருக்கீங்க. ஏன் அப்படிச் சொன்னார்? சும்மா சொன்னாரா? பேச்சுக்குச் சொன்னாரா? பத்துப் பேரும் இருக்கீங்க என்றபோது அந்தக் குரல் சும்மா மாதிரி இல்லை. அண்ணன் அது போதும் என்றான். போதும் என்று சொல்லிவிட்டான். யாராவது ஒருவர் போதாது என்று சொல்லவேண்டாமா?

"சார்," என்றேன். என் குரல்தான். "சார், என் முடிவு தப்பு சார்." பூமி அண்ணனின் தாளம் நின்றது. திரும்பி உட்கார முயன்றேன், சீட் பெல்ட் இறுக்கிப் பிடித்தது, பாதி திரும்பியபடி, ஞானதுரை சாரின் காதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், வகுக்கிற எண்ணைப் பற்றி, வந்து இறங்கியவர்களைப் பற்றி, சிவப்புக் கோடு ஏறுவதைப் பற்றி. கோர்வையாகச் சொல்லவில்லை. நடுவில் ஏசியைப் பற்றியும் எதையோ சொன்னேன், அது எதற்கு வந்தது என்று தெரியவில்லை. சார் செய்தித்தாளை மடித்தார். மறுபடி மடித்தார். "தெரியும்மா," என்றார். "மூணாவது அத்தியாயம் படிக்கும்போதே தெரிஞ்சிச்சு. பாதி நாட்டுல ஆள்தொகை எப்படி ஏறுதுன்னு நீ பார்க்கலயேன்னு நினைச்சேன். ரிப்போர்ட்ல எழுதப் போனேன். எழுதினா திரும்பிப் போகும். உலகநாதன் ரிட்டயர் ஆவான். உன் விவரமெல்லாம் அவன் போன்ல சொல்லியிருந்தான். கஷ்டப்பட்டு வந்த பொண்ணு, ஒரு குறைதான, போகட்டும்னு கையெழுத்துப் போட்டேன்." கஷ்டப்பட்டு வந்த பொண்ணு. அதனால்தான் யாரும் கேட்கவில்லை. அதனால்தானா? என் கணக்கைச் சரிபார்க்காமல் என் வீட்டைச் சரிபார்த்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவேண்டும், வரவில்லை, என்னவோ கார் இன்னும் சிறியதாகிவிட்டது போல இருந்தது, கூரை தலையில் இடிப்பது போல. சொல்லிவிட்டால் கதவு திறக்கும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். சொல்லியாகிவிட்டது. கதவு இருந்த இடத்தில் சார் உட்கார்ந்திருக்கிறார், கனிவோடு.

"ஒண்ணு செய்வோம்," என்றார். "கடைசில நானே இந்தக் கேள்வியைக் கேக்கேன். வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஏன் தனியாப் பார்க்கலன்னு. நீ என்ன சொல்லணும்னா, ஆள்தொகையின் தன்மை இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது, வருங்கால ஆய்வுகள் அதைக் கருத்தில் கொள்ளலாம். அவ்வளவுதான். உண்மையும் பதிவாயிரும், உனக்கும் சேதமில்ல. எங்க, சொல்லிப் பாரு. செல்வி காளீஸ்வரி, வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஏன் தனியாக ஆராயவில்லை?" வைவாக் குரலில் கேட்டார். நான் சொன்னேன். "ஆள்தொகையின் தன்மை இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வருங்கால ஆய்வுகள் அதைக் கருத்தில் கொள்ளலாம்." "பிரமாதம்," என்றார் சார், பின்னால் சாய்ந்துகொண்டார். அவ்வளவு சுலபமாக வந்தது. திக்கவில்லை, திணறவில்லை, எல்லைக்கு அப்பாற்பட்டது என்ற இடத்தில் குரல் சரியாக ஏறி இறங்கியது, எத்தனையோ வைவாக்களில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட குரல், எனக்குள் எப்போது வந்து உட்கார்ந்தது? இரண்டாவது ரயில் போய்க்கொண்டிருக்கிறது. சரக்கு ரயில், முடியவே முடியாது போல, உருளை உருளையாக எண்ணெய் டேங்கர்கள். இது பொய் இல்லை. எல்லைக்கு அப்பாற்பட்டது என்பது பொய்யே இல்லை. எல்லையை வைத்தது நான்தான், அதற்கு அப்பால் அவனை நிறுத்தியதும் நான்தான், அதையே காரணமாகச் சொல்லலாம். பத்துப் பேரும் கட்டிலில் உட்கார்ந்து இதைக் கேட்பார்கள். அண்ணனுக்குப் புரியாது. பாப்பா என்னமா பேசுறா பாரு என்று கைதட்டுவான். அவனுக்குப் புரியாது என்பதை நம்பித்தான் நான் அதைச் சொல்லப்போகிறேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பி எழுதுவது, அவனுக்குப் புரியாது என்று நம்பிச் சொல்வது. இனி வாழ்நாள் முழுவதும் வகுப்பில் நின்று இப்படித்தான் பேசுவேனா? அந்தக் குரல் இப்போதே இவ்வளவு பழகியிருக்கிறது, இன்னும் பத்து வருஷத்தில்?

கேட் மேலே போகத் தொடங்கியது, எல்லா ஹாரனும் ஒன்றாக அலறின. லாரி நகர்ந்தது, கார் தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியது. "சார்," என்றேன். "நீங்க அந்தக் கேள்வியைக் கேட்டா நான் அந்தப் பதிலைச் சொல்லமாட்டேன் சார். நெருங்குதுன்னு சொல்ல எனக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லிருவேன்." நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தியிருந்தால் தைரியசாலி மாதிரி இருந்திருக்கும். ஆனால் அது முழுக் கணக்கில்லை. "நீங்க கேக்காம விட்டுட்டா நானா எந்திரிச்சு சொல்லமாட்டேன் சார். எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல. எங்கம்மா வந்திருக்காங்க. கேக்கலன்னா பேசாம பட்டத்தை வாங்கிட்டுப் போயிருவேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன். இவ்வளவுதான் என்னால முடியும்." பூமி அண்ணன் அதிராமல் ஓட்டினார், முட்டை ஏற்றிக்கொண்டு போகிறவரைப் போல. பின்சீட்டில் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்மா," என்றார் கடைசியில். கோபம் இல்லை. குரல் களைப்பாக இருந்தது. "இப்ப என் தலையில ஏத்திட்டியே." ஆமாம். ஏற்றிவிட்டேன். அது நியாயமா என்று யோசிக்கத் தொடங்கினேன், வேப்பமரங்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன, வளைவு வந்துவிட்டது, நியாயமா இல்லையா என்று முடிவுக்கு வருவதற்குள் கார் நின்றுவிட்டது.

உலகநாதன் சார் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். "வாங்க சார், வாங்க. கேட்காரன் சதி பண்ணிட்டான். நம்ம பொண்ணு ஏதும் தொந்தரவு குடுத்துச்சா?" "நிறைய," என்றார் ஞானதுரை சார், இறங்கிக்கொண்டே. உலகநாதன் சார் வாய்விட்டுச் சிரித்தார், நல்ல ஜோக் என்று நினைத்து என் முதுகில் தட்டினார். கூடத்துக்குள்ளிருந்து மைக் சோதிக்கிற குரல் வந்தது. ஞானதுரை சார் படியில் கால் வைத்தவர் நின்றார். கக்கத்தில் என் ஆய்வேடு. அதை எடுத்து மூன்றாவது அத்தியாயத்தில் விரலை விட்டுத் திறந்து, ஓரத்தில் கேள்வி எழுதாமல் விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையைத் தடவினார், அந்தப் பக்கமும் தடவினார். "பேனா வச்சிருக்கியாம்மா?" என்று என்னைக் கேட்டார். உலகநாதன் சார் தன் பைக்குள் தேட ஆரம்பித்தார், கிடைக்கவில்லை, "பூமி, உன்கிட்ட இருக்கா?" என்று காரைப் பார்த்துக் கூப்பிட்டார். பேனா என் கைப்பையில் இருந்தது. இல்லை என்று சொல்ல நேரம் இருந்தது, தலையை ஆட்டினால்கூடப் போதும். மூடியைக் கழற்றி, எழுதும் முனை என் பக்கம் இருக்கும்படி திருப்பி, கொடுத்தேன்.